வரவு விதிவிலக்கு, செலவு மட்டும் விதியா?

சென்ற இதழில் ‘நல்ல முஸ்லிம்’களின் மேடை நாடகம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்திருந்தது. இந்தோனேசியாவை முன்வைத்து எழுதிய அந்தக் கட்டுரையின் சாரம் இது: இளைஞர்களிடம் மத நல்லிணக்கம், பன்மைத்தன்மை என்று பேசும் முஸ்லிம் தலைவர்கள் எண்ணிக்கையில் சொற்பம். கலவரம் என்று வந்தால் காணாமல் போய்விடுவார்கள். இளைஞர்கள் அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மதத்துக்குள் நின்றுகொண்டு பன்மைத்தன்மை பேசுவதே ஏமாற்று. நண்பர் ஒருவர் அதைக் கைபேசியில் அனுப்பி, “இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?” என்று கேட்டிருந்தார். சொல்கிறேன்.

மளிகைக் கடையில் கணக்கு எழுதிய என் மாமா ஒன்று சொல்வார். திருட்டுக் கணக்கு எழுத எண்ணைத் திருத்தவே வேண்டாம். செலவைப் பேரேட்டில் எழுது, வரவைத் துண்டுச் சீட்டில் எழுது. கடை நஷ்டம் என்று யார் வேண்டுமானாலும் நம்புவார்கள். கட்டுரையாளர் எழுதியிருப்பது அப்படிப்பட்ட கணக்கு. 2018 மே 13 அன்று கிழக்கு ஜாவாவின் சுரபாயாவில் ஒரே குடும்பத்தினர் மூன்று தேவாலயங்களில் தற்கொலைத் தாக்குதல் நடத்தினார்கள். கொடூரம்தான், மறுக்க ஒன்றுமில்லை. அது அவருடைய பேரேட்டில் ‘சமூகத்தின் மனநிலை’ என்ற தலைப்பில் ஏறுகிறது. அதே கிழக்கு ஜாவாவில் தேவாலய வாசலில் உயிரைவிட்ட முஸ்லிம் இளைஞன் துண்டுச் சீட்டுக்குப் போகிறான்: ‘இப்படி ஓரிரு விதிவிலக்குகள் உண்டு.’ அரை வரி. பெயர்கூட இல்லை.

பெயரை நான் சொல்கிறேன். ரியான்தோ. வயது 25.

2000 டிசம்பர் 24, மொஜோகெர்தோ நகரம். எபன் ஹேசர் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனை. நஹ்ளத்துல் உலமா இந்தோனேசியாவின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்பு. அதன் இளைஞர் அணி அன்சோர். அன்சோரின் தொண்டர் படை பான்செர். பான்செர் சீருடையில் அன்று காவலுக்கு நின்றவர்களில் ரியான்தோவும் ஒருவர். கேட்பாரற்றுக் கிடந்த பொதி ஒன்று கண்ணில் பட்டது. பார்த்தால் உள்ளே கம்பிகள். எல்லோரையும் தரையில் படுக்கச் சொல்லிக் கத்திவிட்டு, பொதியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விட்டு விலகி ஓடினார். அவரை விட்டு அது போவதற்குள் வெடித்தது. அன்றிரவு ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பு பல நகரங்களில் தேவாலயங்களுக்குக் குண்டு வைத்திருந்தது. வைத்தவர்களும் முஸ்லிம்கள், எடுத்துக்கொண்டு ஓடியவரும் முஸ்லிம். எந்தக் கணக்கில் ஒருவரைச் சமூகம் என்றும் மற்றவரை விதிவிலக்கு என்றும் எழுதினீர்கள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரியான்தோ அந்த வழியாகப் போகும்போது தற்செயலாகக் குண்டைக் கண்டவர் அல்லர். அவருக்கு அன்று அங்கே வேலை போடப்பட்டிருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1996 அக்டோபரில், சித்துபொந்தோவில் ஒரு கும்பல் தேவாலயங்களை எரித்தது. அப்போது நஹ்ளத்துல் உலமாவின் தலைவராக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித், ஊரார் செல்லமாக அழைத்த குஸ் துர், எரித்தவர்கள் தம் ஆட்கள் இல்லை என்று கைகழுவிக்கொண்டு போயிருக்கலாம். அவர் கிறிஸ்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். தேவாலய வாசலில் பான்செர் நிற்பது வழக்கமாகியது அந்தக் காலத்தில்தான். இன்றும் கிறிஸ்துமஸ் தோறும் நிற்கிறார்கள். விதிவிலக்குக்கு யாராவது முறைப்பட்டியல் போடுவார்களா?

‘தேவாலயத்துக்குக் காவல் தேவைப்படுகிறது என்பதே அந்தச் சமூகத்தின் லட்சணத்தைக் காட்டவில்லையா?’ என்று கட்டுரையாளர் கேட்கிறார். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஊரில் தீயணைப்பு நிலையம் இருந்தால் அந்த ஊரில் தீப்பிடிக்கிறது என்று பொருள், சரி. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் யார் என்பது அந்தக் கேள்விக்குள் வரவே இல்லையே?

அடுத்து, கலவரம் வந்தால் காணாமல் போவார்கள் என்ற குற்றச்சாட்டு. ‘மலுகு தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் செத்தபோது இந்தச் சமாதானக்காரர்கள் எங்கே இருந்தார்கள்?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். கொஞ்சம் நின்றிருக்கலாம்.

1999 ஜனவரி 19, நோன்புப் பெருநாள். மலுகுவின் அம்போன் நகரில் வேன் ஓட்டுநர் ஒருவருக்கும் ஓர் இளைஞருக்கும் இடையே மூண்ட தகராறு முஸ்லிம்-கிறிஸ்தவ மதச் சண்டையாகி மூன்று ஆண்டுகள் எரிந்தது. ஐயாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 2000இல் ஜாவாவிலிருந்து லஸ்கர் ஜிஹாத் என்ற கடும்போக்கு முஸ்லிம் படையினர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்து எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றினார்கள். சமாதானத்துக்காகத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரமும் ஒளிபரப்பானது. அதில் ஆச்சாங் என்று ஒரு முஸ்லிம் பையன், ஓபெத் என்று ஒரு கிறிஸ்தவப் பையன். ஊர் என்ன செய்தது தெரியுமா? அந்த இரண்டு பெயர்களையும் எடுத்துச் சண்டையிடும் இரண்டு தரப்புக்கும் பட்டப்பெயராக வைத்துக்கொண்டது. சிறுவர்களே ஆயுதம் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கடிக்கும் பூச்சியின் பெயரில் ‘அகாஸ்’ என்று ஒரு கிறிஸ்தவச் சிறுவர் படை இருந்தது. எதிர்ப்பக்கமும் சிறுவர்கள் இருந்தார்கள்.

அதே அம்போன் தீவில் துலேஹு என்ற ஊர். முஸ்லிம் ஊர். கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஊர். தேசிய அணி வரைக்கும் ஆட்களை அனுப்பிய ஊர். அங்கே மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்த முன்னாள் ஆட்டக்காரர் சானி தவைநெல்லா. யாராவது மின்கம்பத்தைத் தட்டினால் சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓசை கேட்டதும் பெரியவர்கள் ஓடுவார்கள், வேடிக்கை பார்க்கச் சிறுவர்களும் பின்னால் ஓடுவார்கள். இன்றைக்கு வேடிக்கை பார்க்க ஓடுகிறவன் நாளைக்கு எதற்கு ஓடுவான் என்பது சானிக்குத் தெரியும். பையன்களைக் கூட்டிப் பந்தைப் போட்டார். விளையாடுகிற நேரம்வரைக்கும் பையன் சண்டைக்குப் போக மாட்டான். அவருடைய திட்டம் அவ்வளவுதான். அதற்கு மாநாடு இல்லை, பதாகை இல்லை, வெளிநாட்டு நிதியும் இல்லை.

சண்டை ஓய்ந்த பிறகு அவர் செய்ததுதான் கடினமான வேலை. பாஸோ என்ற கிறிஸ்தவ ஊரின் பையன்களையும் துலேஹு பையன்களையும் ஒரே அணியில் சேர்த்தார். அப்பனும் அண்ணனும் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திய கதையைக் கேட்டு வளர்ந்த பையன்கள். ஒருவன் பந்தை மற்றவனுக்குத் தள்ளிவிட மாட்டான் என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2006இல் 15 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியப் போட்டியில் மலுகு அணி கோப்பையை வென்றது. இந்தக் கதை 2014இல் படமாக வந்து, அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. சினிமாவில் மிகை இருக்கும். கோப்பையில் இல்லை.

‘பந்து விளையாடியதெல்லாம் பன்மைத்தன்மை ஆகுமா?’ என்பார் கட்டுரையாளர். சரி, இன்னும் நேரடியான சோதனைக்கே போவோம்.

2011 செப்டம்பர். அம்போனில் மோட்டார் சைக்கிள் சவாரி ஓட்டும் முஸ்லிம் ஒருவர் இறந்தார். விபத்து என்றது காவல்துறை. கிறிஸ்தவர்கள் கொன்றுவிட்டார்கள் என்றது கைபேசிக் குறுஞ்செய்தி. குறுஞ்செய்திதான் வேகமாகப் போனது. கல்வீச்சு, தீ, உயிரிழப்பு. 1999 திரும்பி வந்துவிட்டது என்று நகரம் மூட்டை கட்டத் தொடங்கியது. அப்போது, அங்குள்ள இஸ்லாமிய உயர்கல்வி நிறுவனத்தின் விரிவுரையாளர் அபிதீன் வகானோவும், ஜாக்கி மனுபுத்தி என்ற பாதிரியாரும், அவர்களோடு இரண்டு பக்கத்து இளைஞர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். இன்ன பள்ளிவாசல் எரிகிறது என்று வதந்தி வந்தால், பக்கத்தில் இருக்கும் முஸ்லிம் இளைஞன் அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்புவான். இன்ன தேவாலயம் எரிகிறது என்றால் கிறிஸ்தவ இளைஞன் போவான். எரியாத கட்டடத்தின் படம் நகரம் முழுக்கக் கைபேசிகளில் சுற்றும். கலவரத்தைத் தூண்டுகிறவனை அங்கே ‘ப்ரொவொகாத்தோர்’ என்பார்கள். இவர்கள் தங்களுக்கு ‘சமாதானத்தைத் தூண்டுகிறவர்கள்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1999இல் தொடங்கி மூன்று ஆண்டுகள் நீண்ட தீ, 2011இல் அப்படிப் பரவவில்லை. இவர்களால் மட்டும்தான் பரவவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். காவல்துறை, அரசு, அனுபவித்து அலுத்துப்போன மக்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ‘கலவரம் வந்தால் காணாமல் போவார்கள்’ என்று எழுதியவர், கலவரத்தின் நடுவில் கைபேசியோடு நின்ற இந்தப் பையன்களைப் பற்றி என்ன நினைக்கிறார்? அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காணாமல் போனது அவர்கள் இல்லை, கட்டுரையாளரின் வாசிப்பு.

மலுகுவில் இதற்கெல்லாம் பழைய வேரும் உண்டு. ‘பேலா’ என்பார்கள். ஊருக்கு ஊர் சத்தியம் செய்து ஏற்படுத்திக்கொள்ளும் உறவு. முஸ்லிம் ஊரும் கிறிஸ்தவ ஊரும் பேலா ஆகலாம். ஆகிவிட்டால் ஒருவர் ஊரில் பள்ளிவாசலோ தேவாலயமோ கட்டும்போது மற்றவர் வந்து கைகொடுக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் இடையே பெண் கொடுத்து எடுக்கக் கூடாது, ஏனென்றால் அவர்கள் உடன்பிறப்பு முறை. நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுப்போமா, அதைப் போல. சண்டைக் காலத்தில் சில இடங்களில் இந்த உறவு நின்றது, சில இடங்களில் நிற்கவில்லை. 2000இல் இரு பக்கத்தாரும் சேர்ந்து தொடங்கிய சமாதான இயக்கத்துக்கு வைத்த பெயர் ‘பாக்கு பாயே’. சண்டை போட்ட குழந்தைகள் திரும்பச் சேரும்போது சொல்லும் வார்த்தை அது. நாம் ‘காய்’ விட்டபின் ‘பழம்’ விடுகிறோமே, அதுதான். 2012 ஜூனில், முந்தைய கலவரம் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், தேசிய குர்ஆன் ஓதும் போட்டி அம்போனில் நடந்தது. வந்தவர்களைத் தங்கவைக்கக் கிறிஸ்தவர்களும் கதவைத் திறந்தார்கள். 2015இல் கிறிஸ்தவப் பாடல் குழுக்களின் தேசிய விழா அதே நகரில் நடந்தபோது முஸ்லிம்கள் கைகொடுத்தார்கள். இதில் எது மேடை நாடகம்?

இளைஞர்கள் யூடியூப் போதகர்களைத்தான் கேட்கிறார்கள், மத நல்லிணக்கம் பேசுபவர்களை இல்லை என்பது அடுத்த வாதம். யூடியூபைக் கேட்கிறார்கள் என்பது உண்மை. இந்தோனேசியாவில் யூடியூபில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் சிரமத்தைக் கட்டுரையாளர் எடுத்துக்கொள்ளவில்லை. ஹபீப் ஹுசைன் ஜாஃபர் அல் ஹதார் என்று ஒருவர். நபி வழித்தோன்றல் குடும்பம். நம் பக்கம் ‘தங்ஙள்’ என்று சொல்வோமே, அந்த மரியாதைக்குரியவர். தலையில் தொப்பி, உடம்பில் டி-சர்ட். நகைச்சுவைக் கலைஞர்களோடு உட்கார்ந்து, பள்ளிவாசல் பக்கமே போகாத இளைஞர்கள் கேட்கும் கோக்குமாக்கான கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் பிரபலமானார். 2023 ரமளானில், கத்தோலிக்கரான ஒரு பாடகரோடு சேர்ந்து அவர் நடத்திய நிகழ்ச்சிக்கு மற்ற மதங்களின் குருமார்கள் வரிசையாக வந்து பேசினார்கள். கடைசி நாளில் எல்லா மதத்தாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். நோன்பு மாதத்தில், நோன்பு வைக்கும் இளைஞர்கள் பார்த்தார்கள். கேட்பதில்லை என்று எந்தத் தெருவில் நின்று கணக்கெடுத்தீர்கள்?

இனிக் கட்டுரையின் உச்சம்: மதத்துக்குள் பன்மைத்தன்மைக்கு இடமில்லை என்ற தீர்ப்பு. ஆதாரமாக 2005இல் இந்தோனேசிய உலமா கவுன்சில் வெளியிட்ட ஃபத்வாவைக் காட்டுகிறார். பன்மைவாதம் ஹராம் என்று அந்த ஃபத்வா சொல்வது உண்மை. கடும்போக்காளர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடியதும் உண்மை. ஆனால் பாதியைப் படித்துவிட்டு மீதியை மடித்து வைத்துவிட்டார். அந்த ஃபத்வா இரண்டு சொற்களைப் பிரிக்கிறது. எல்லா மதமும் ஒரே அளவு சத்தியம் என்ற கொள்கைக்குப் ‘பன்மைவாதம்’ என்று பெயர் வைத்து மறுக்கிறது. பல மதத்தார் ஒரே நாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறார்கள் என்பதை நடைமுறை உண்மை என்று ஏற்கிறது. எனக்கு அந்த ஃபத்வா உவப்பில்லை. குஸ் துரும் அதை வெளிப்படையாக எதிர்த்தார். ஆனாலும் எதிரியின் வாக்குமூலத்தைக்கூட முழுதாகப் படிக்க வேண்டும் என்பது விவாதத்தின் முதல் ஒழுக்கம்.

மார்க்க அறிஞர்கள் மார்க்கத்துக்குள் நின்றே எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு 2019 போதும். அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் மேற்கு ஜாவாவின் பஞ்சாரில் கூடிய நஹ்ளத்துல் உலமாவின் அறிஞர் சபை, முஸ்லிமல்லாத நாட்டு மக்களைக் ‘காஃபிர்’ என்று அழைக்கக் கூடாது, அவர்கள் ‘முவாத்தின்’, அதாவது குடிமக்கள் என்று முடிவு செய்தது. இதை வெள்ளைக்காரப் பேராசிரியர் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கிதாபுகளைப் புரட்டி, பிக்ஹு என்ற மார்க்கச் சட்ட வாதங்களை அடுக்கி, தலைப்பாகை கட்டிய ஆலிம்கள் எடுத்த முடிவு. எதிர்ப்பும் வந்தது, நஹ்ளத்துல் உலமா மார்க்கத்தை விற்றுவிட்டது என்று திட்டினார்கள். திட்டியவர்களும் கட்டுரையாளரும் ஒரே வாக்கியத்தின் கீழ்க் கையெழுத்துப் போடுகிறார்கள்: ‘உண்மையான இஸ்லாத்தில் இதற்கு இடமில்லை.’ கடும்போக்காளருக்கு இதைவிட மலிவான சான்றிதழ் வேறு எங்கே கிடைக்கும்?

கட்டுரையில் உண்மையே இல்லையா? இருக்கிறது. ஒளிக்க நான் விரும்பவில்லை. 2011 பிப்ரவரியில் சிக்கேயுசிக் என்ற ஊரில் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்த மூன்று பேரை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. மதுரா தீவின் சம்பாங்கில் ஷியாக்களை ஊரைவிட்டே துரத்தினார்கள்; துரத்தியவர்கள் நஹ்ளத்துல் உலமாவின் கோட்டையாகிய மண்ணில் வளர்ந்தவர்கள். 2017இல் ஜகார்த்தாவின் கிறிஸ்தவ ஆளுநர் அஹோக் மத அவமதிப்புக் குற்றத்தில் சிறை சென்றார். அந்த வழக்கில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன மஃரூஃப் அமீன், அப்போது நஹ்ளத்துல் உலமாவின் ஆன்மிகத் தலைவர். 2006 அரசு விதிப்படி வழிபாட்டிடம் கட்ட 90 பேர் பெயர்ப்பட்டியலும் அக்கம்பக்கத்தார் 60 பேரின் சம்மதமும் வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு பல தேவாலயங்களைத் தடுக்கிறார்கள். இவை எல்லாம் செலவுக் கணக்கு. பேரேட்டில் ஏறத்தான் வேண்டும்.

ஆனால் இவை எதை நிரூபிக்கின்றன? ஒரே அமைப்புக்குள், ஒரே ஊருக்குள், சில நேரம் ஒரே குடும்பத்துக்குள் சண்டை நடக்கிறது என்பதை. தலைவர் நீதிமன்றத்தில் ஒன்று சொல்கிறார், தொண்டன் தேவாலய வாசலில் வேறொன்று செய்கிறான். சமூகம் மௌனமாக இருக்கிறது என்பதுதானே உங்கள் வாதம்? மௌனமாக இருக்கும் வீட்டில் இவ்வளவு சத்தம் எப்படி வரும்?

கடைசியில் கட்டுரை இலங்கைக்குத் தாவுகிறது. 2019 ஈஸ்டர் குண்டுகளை முன்னின்று நடத்திய சஹ்ரானின் பெயரைச் சொல்லி, அவன் ஊரான காத்தான்குடி முழுவதையும் அவனுடைய நிழலில் நிறுத்துகிறது. தமிழில் எழுதுகிறவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை: 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சஹ்ரானின் கூட்டம் மோதியதே சூஃபி வழி முஸ்லிம்களோடுதான். அதற்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். முஸ்லிம்கள் புகார் கொடுத்தார்கள், எச்சரித்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் புதிதாக வந்து தங்கிய சஹ்ரான் கூட்டத்தார்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்களே. எச்சரிக்கை வந்தும் கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் சொன்னவன் துண்டுச் சீட்டில், குண்டு வைத்தவன் பேரேட்டில். மறுபடியும் அதே கணக்கு.

இந்தக் கணக்கு தப்பு என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அது ஆபத்தானது. 17 வயதுப் பையன் ஒருவனிடம் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பந்தைக் கொடுக்கிறார், மற்றவர் வெறுப்பைக் கொடுக்கிறார். மூன்றாவதாக நீங்கள் வந்து, ‘பந்து கொடுப்பவன் போலி, வெறுப்புக் கொடுப்பவன்தான் உன் மதத்தின் அசல் பிரதிநிதி’ என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். பையன் யார் பின்னால் போவான் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

கட்டுரையாளருக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். சுரபாயாவையும் மொஜோகெர்தோவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். சஹ்ரானையும் அவனைக் காட்டிக்கொடுத்தவர்களையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள். பிறகு கூட்டிப் பாருங்கள். மொத்தம் எந்தப் பக்கம் வந்தாலும் ஒப்புக்கொள்கிறேன். மொஜோகெர்தோ நகரம் எழுதிய வரியை மட்டும் யாரும் அழிக்க முடியாது: அங்கே ஒரு சாலைக்கு ரியான்தோ என்று பெயர்.